பழைய குடும்பப் படத்தில் நிற்கும் கார் எது? அடையாளம் காணும் வழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் தாத்தா ஒரு காலைக் காரின் ஃபுட்போர்டில் வைத்து, ஒரு கையை பானட்டின் மேல் ஊன்றி நிற்பார். "தாத்தாவின் ஆஸ்டின்" என்றே நாங்கள் எல்லோரும் சொல்லி வந்தோம். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்த அன்றுதான், தாத்தாவின் கைக்குக் கீழே பானட்டின் ஓரத்தில், முன்னிருந்து பின்னோக்கி நீளமாக ஓடும் ஒரு பள்ளம் என் கண்ணில் பட்டது. வாழைமட்டையின் உட்புறம் போலக் குழிந்திருந்தது. அந்தப் பள்ளம் பிரிட்டனின் வாக்ஸால் கார்களுக்கே உரிய முத்திரை. 1950களின் இறுதி வரை அதை அவர்கள் கைவிடவில்லை. ஆஸ்டினில் அது கிடையாது.

அன்றிலிருந்து உறவினர்கள், நண்பர்கள் வீட்டு ஆல்பங்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் காரின் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் குடும்பப் படங்களில் பெயரும் சின்னமும் இருக்கும் இடத்தில்தான் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பானட்டின் மேல் குழந்தை, கிரில்லை மறைத்துப் புடவை, எண் பலகைக்கு முன்னால் மாப்பிள்ளையின் வேட்டி. ஆகவே பெயரைக் கடைசிக்கு விட்டுவிட்டு, மறையாத பாகங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படம் எந்த ஆண்டு எடுத்தது என்பதைக் கார் சொல்லாது. "இந்த ஆண்டுக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது" என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த ஒரு விளிம்பு கிடைத்தாலே குடும்பக் கதைகள் பல நேராகிவிடும்.

முதலில் படத்தைக் கவனியுங்கள்

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். பசை வலுவாக இருந்தால் தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். தானாக விடுபட்டு வந்தால் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் கிறுக்கிய எண், தாள் நிறுவனத்தின் பெயர் எல்லாமே பின்னால் உதவும்.

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு ஸ்கேனர் பதிக்கும் புள்ளிகள்) போதும். பழைய பெட்டிக் கேமராக்களில் எடுத்து நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்ட சிறு படங்களுக்கு 1200 டிபிஐ வேண்டும். நெகட்டிவே கிடைத்தால் அதுதான் புதையல். அச்சில் கறுத்துப்போன பம்பரும் சக்கரமும் அதில் தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்ய முடியாவிட்டால், ஜன்னலோரம் மேசையில் வைத்து, கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் பிடியுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை மங்கலான இடத்தைத் தெளிவாக்குவதில்லை. அங்கே இருந்திருக்கலாம் என்று ஊகித்ததை வரைகின்றன. கிரில்லின் கம்பிகள் எட்டாக இருந்தவை பன்னிரண்டாகும். எண் பலகையில் இல்லாத எழுத்து முளைக்கும். வெளிச்சத்தையும் கருமையையும் கூட்டிக் குறைப்பது மட்டும் போதும்.

இடம் வலம் மாறியிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இந்தியா, இலங்கை, மலாயா எல்லா இடங்களிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். படத்தில் அது இடப்பக்கம் தெரிந்தால், வெளிநாட்டிலிருந்து அப்படியே கொண்டுவந்த காராக இருக்கலாம். படம் திரும்பியிருப்பதற்கான வாய்ப்பு அதைவிட அதிகம். சட்டைப் பை எந்தப் பக்கம், கைக்கடிகாரம் எந்தக் கையில், புடவைத் தலைப்பு எந்தத் தோளில் என்று பாருங்கள். தலைப்பு வலத்தோளில் இருந்தால் படம் திரும்பியிருக்கலாம் என்பது பொது விதி. ஆனால் மடிசாரில் இந்த விதி செல்லாது. ஐயர் கட்டில் தலைப்பு வலத்தோளில் வரும், ஐயங்கார் கட்டில் இடத்தோளில் வரும். ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்த பிறகே படத்தைத் திருப்புங்கள்.

காலத்தைச் சொல்லும் நான்கு பாகங்கள்

பெயர் தெரியாத காரின் காலத்தைக் கணிக்க விளக்கு, மட்கார்டு, முன்கண்ணாடி, சக்கரம் ஆகிய நான்கும் போதும்.

முகப்பு விளக்குகள் சட்டிகளைப் போலத் தனியே, தண்டின் மேல் நிற்கின்றனவா? அப்படியானால் அது 1930களின் வடிவம், அல்லது அதற்கும் முந்தியது. அமெரிக்கக் கார்களில் 1930களின் முடிவில் விளக்குகள் மட்கார்டுக்குள் புதைந்துவிட்டன. பிரிட்டிஷ் கார்களில் சில 1950 வரைகூட விளக்கை வெளியே வைத்திருந்தன. ஆகவே தனி விளக்கைக் கண்டதும் "இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது" என்று அவசரப்பட வேண்டாம்.

மட்கார்டுகள் நான்கும் தனித்தனியே புடைத்து, அவற்றுக்கு நடுவே ஏறி மிதிக்க ஃபுட்போர்டு இருந்தால், அது பெரும்பாலும் 1940களின் இறுதிக்கு முந்திய வடிவமைப்பு. அதன் பிறகு காரின் பக்கவாட்டுச் சுவர் வழவழவென்று ஒரே தகடாகி, ஃபுட்போர்டு மறைந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மட்டும் கடைசி வரை அதை விடவில்லை.

முன்கண்ணாடி தட்டையான ஒரே துண்டாக நிமிர்ந்து நின்றால் 1930கள் வரையான பழக்கம். நடுவில் ஒரு தண்டு வைத்து இரண்டு துண்டாக இருந்தால் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1950களின் முற்பகுதி வரை. வளைந்த ஒரே கண்ணாடியாக இருந்தால் பெரும்பாலும் 1950களும் அதன் பிறகும். மோரிஸ் மைனரை இதை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம். 1956இல் மைனர் 1000 வந்தபோதுதான் பிளவுக் கண்ணாடி போய் ஒரே கண்ணாடி வந்தது. மைனரிலேயே இன்னும் பழையது வேண்டுமானால் விளக்கைப் பாருங்கள். முதல் சில ஆண்டுகளின் வண்டிகளில் விளக்குகள் கீழே கிரில்லோடு ஒட்டியிருக்கும். பிறகே மட்கார்டின் மேலே ஏறின.

மாட்டு வண்டிச் சக்கரம் போல மர ஆரங்கள் இருந்தால் 1920கள் வரை. சைக்கிள் போலக் கம்பி ஆரங்கள் இருந்தால் 1930களின் நடுப்பகுதி வரை. அதற்குப் பிறகு இரும்புத் தகட்டுச் சக்கரமும் பளபளக்கும் வீல் கேப்பும். கம்பிச் சக்கரம் பந்தயச் சாயல் கொண்ட கார்களில் பின்னாளிலும் உண்டு. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதும் ஒரு தடயம். மட்கார்டின் மேலோ பின்புறம் வெளியிலோ மாட்டியிருந்தால் பழைய காலம். கண்ணில் படவில்லை என்றால் அது டிக்கிக்குள் போய்விட்ட காலமாக இருக்கலாம்.

போர்க்காலப் படங்களை இரண்டு அடையாளங்கள் காட்டிக்கொடுக்கும். இருட்டடிப்பின்போது மட்கார்டு ஓரங்களில் வெள்ளை வண்ணம் பூசி, விளக்குக்கு முகமூடி போட்டார்கள். பெட்ரோல் பங்கீட்டின் காரணமாகப் பல வண்டிகள் கரி வாயுவில் ஓடின. காரின் பின்னால் வெந்நீர் பாய்லர் போல ஓர் உருளை தொங்கினால் அது வேறெதுவுமில்லை, கரி அடுப்புதான். அப்படி ஒரு படம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை மிகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கார்களின் காலம்

தமிழ்நாட்டுக் குடும்ப ஆல்பங்களில் உள்ள கார் படங்களில் பெரும்பகுதி 1950களின் பிற்பகுதிக்கும் 1980களுக்கும் இடைப்பட்டவை. இது அடையாளம் காண்பவருக்கு நல்ல செய்தி. இறக்குமதி செய்த பாகங்களைப் பூட்டி மட்டும் விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்ற கொள்கை 1953ஆம் ஆண்டுத் தீர்வைக் குழுவின் அறிக்கைக்குப் பின் உறுதிப்பட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. மிஞ்சியவை கல்கத்தா அருகே உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரிமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. 1983 டிசம்பரில் மாருதி வரும் வரை புதுக் கார் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

அம்பாசடர் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே அதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அதற்கு முன்னே வந்த லேண்ட்மாஸ்டரை அம்பாசடர் என்று எழுதி வைத்திருக்கும் ஆல்பங்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். லேண்ட்மாஸ்டர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையின் இந்திய வடிவம். மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது அம்பாசடர். பக்கவாட்டில் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பின்புறத்தைப் பாருங்கள். அம்பாசடரின் பின் மட்கார்டு மேலெழுந்து சிறு துடுப்பு போல முடியும். லேண்ட்மாஸ்டரில் அது உருண்டு கீழிறங்கிவிடும். முன்புறத்தில் லேண்ட்மாஸ்டரின் பானட் வழுவழுப்பாக இருக்கும். அம்பாசடரின் பானட்டில் அழுத்தி எடுத்த மடிப்புகள் தெரியும்.

அம்பாசடருக்குள்ளும் தலைமுறைகள் உண்டு. 1957-58 வாக்கில் வந்த முதல் வடிவத்தின் கிரில்லில் கட்டங்கள் கிடையாது. 1962-63 வாக்கில் வந்த மார்க் 2இல் நெருக்கமான கட்டம் போட்ட கிரில் வந்தது. 1975இல் மார்க் 3, அதில் கட்டங்கள் அகலமாயின. முன் மட்கார்டிலுள்ள சிறு விளக்குகளும் தோட்டா வடிவத்திலிருந்து வட்ட வடிவத்துக்கு மாறின. 1979இல் மார்க் 4. அதன் கிரில் பெரியது, சதுரமானது, கட்டங்கள் பொடியானவை, இரு பக்கமும் தனியே சதுர விளக்குகள். கிரில்லில் ஒரு சாண் அளவு தெரிந்தால்கூட எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம்.

இது எவ்வளவு பயன்படும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சான்று இருக்கிறது. பெரியப்பாவின் கல்யாணப் படம் என்று நாங்கள் வைத்திருந்த ஒன்றில், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை முதுகு காட்டி இறங்கிக்கொண்டிருப்பார், முகம் தெரியாது. பெரியப்பாவின் கல்யாணம் 1956இல் நடந்தது. ஆனால் காரின் முகப்பில் நெருக்கமான கட்டங்கள். மார்க் 2 இல்லாத காலத்தில் மார்க் 2 எப்படி வாசலில் நிற்கும்? சித்தப்பாவின் கல்யாணம் 1965இல். முதுகைப் பார்த்து அண்ணனா தம்பியா என்று சொல்ல முடியாமல் பத்து வருடம் விவாதித்தோம். கிரில் ஒரு நொடியில் முடித்துவைத்தது. சித்தி அந்தப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கல்யாணத்தின் ஒரே படம் அதுதான்.

ஃபியட்டுக்கு வருவோம். அம்பாசடரைவிடச் சிறியது. பிரிமியர் நிறுவனம் 1954இலிருந்து ஃபியட் 1100 வகையைத் தந்தது. பழைய 1100களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும், அதாவது கதவு முன்விளிம்பிலிருந்து திறக்கும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுத்தூணில்தான் கீல், இரண்டும் திறந்தால் பறவையின் சிறகுகளைப் போல விரியும். 1964இல் வந்த 1100 டி வகையிலிருந்து முன்கதவு இன்றைய கார்களைப் போலத் திறக்கத் தொடங்கியது. அதே உடல்தான் 1970களின் நடுவில் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறி, நூற்றாண்டின் இறுதி வரை ஓடியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் படம் கிடைத்தால் முதலில் கீலைத் தேடுங்கள். கதவு மூடியிருந்தால் கைப்பிடி எந்த விளிம்பில் இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடி முன்விளிம்பில் என்றால் பழைய வகை.

ஸ்டாண்டர்டு நம் ஊர்க் கார். வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் உருவானது. 1961இலிருந்து வந்த ஹெரால்டை அடையாளம் காண்பது எளிது. இரண்டே கதவுகள், கூர்மையான விளிம்புகள், விளக்கின் மேல் புருவம் போன்ற ஒரு வளைவு. பானட் மட்டும் திறக்காது, இரு மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்கும் முன்னோக்கிக் கவிழும். அப்படித் திறந்து வைத்து நிற்கும் படம் என்றால் சந்தேகமே வேண்டாம். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே பிறந்தது, 1960களின் இறுதியில். பிரிட்டனில் அப்படி ஒன்று வரவே இல்லை. ஆகவே வெளிநாட்டுப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. 1972இலிருந்து 1977 வரை வந்த கெஸல் அதன் வாரிசு.

இவற்றோடு ஜீப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலர் இருந்த வீடுகளிலும் எஸ்டேட் குடும்பங்களிலும் ஜீப் படம் இல்லாமல் இராது. முகப்பில் செங்குத்துத் துளைகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் போர்க்கால ராணுவ ஜீப், ஏழு என்றால் போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்தது. பானட் வழக்கத்தைவிட உயர்ந்து பெட்டி போல நின்றால் 1953இல் அமெரிக்காவில் அறிமுகமான சிஜே-3பி. மகிந்திரா ஜீப்புகளில் நெடுங்காலம் தொடர்ந்த முகம் அது.

அதற்கு முந்தைய கார்கள்

1955க்கு முந்திய படம் என்றால் களம் விரிந்துவிடுகிறது. முதலில் காரின் அளவைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடும்போது குட்டையாகவும் குறுகலாகவும் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் சிறு கார், ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன், ஸ்டாண்டர்டு இப்படி. படகு போல நீண்டு அகன்றிருந்தால் அமெரிக்கக் கார்.

சென்னை மாகாணத்துப் படங்களில் முதலில் நினைக்க வேண்டியது ஆஸ்டின் ஏ40. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இந்தக் காரைத்தான் பூட்டி விற்றது. 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரி பஸ் என்று வேறு பாதையில் போனது. பானட்டின் நுனியில் சிறகு முளைத்த 'ஏ' எழுத்து சாய்ந்து நிற்கும். நான்கு கதவு டெவன் 1947இல் பிரிட்டனில் வந்தது. அதைவிடப் பூசின உடல்வாகு கொண்ட சோமர்செட் 1952இல். அதே காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மோரிஸ் மைனரை 'பேபி இந்துஸ்தான்' என்றும், அதைப் பெரிதாக்கியது போலத் தோன்றும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை 'இந்துஸ்தான் 14' என்றும் விற்றது. முதுகு கூனி வண்டு போலச் சரிந்தால் ஸ்டாண்டர்டு வான்கார்டு என்று சந்தேகப்படலாம்.

பிரிட்டிஷ் கார்களில் கதவுகளுக்கு நடுவேயுள்ள தூணில் ஒரு குறுகிய செங்குத்துப் பிளவு தெரிகிறதா என்றும் பாருங்கள். திரும்பும்போது அதிலிருந்து ஒரு சிறு கை நீளும். மின்னும் விளக்குகள் பரவுவதற்கு முந்திய இண்டிகேட்டர் அது. சரியாகத் திருப்பத்தில் எடுத்த படம் என்றால் கை நீட்டிய நிலையிலேயே அகப்படும்.

அமெரிக்கக் கார்கள் அலங்காரத்தால் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும். பானட்டின் நுனியில் பாய்மரக் கப்பல் இருந்தால் பிளைமவுத். செம்மறிக் கிடா என்றால் டாட்ஜ். அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் முகம் என்றால் பான்டியாக். பக்கவாட்டில் வரிசையாக மூன்று நான்கு வட்டத் துளைகள் என்றால் 1949க்குப் பிந்திய பியூக். மூக்கின் நடுவில் விமானத்தின் முனை போல ஒரு கூம்பு துருத்தினால் 1950 அல்லது 1951ஆம் ஆண்டின் ஸ்டூடிபேக்கர், வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. பிரிமியர் நிறுவனமே தொடக்கத்தில் டாட்ஜ், பிளைமவுத் கார்களைப் பம்பாயில் பூட்டியதால் அவை நம் ஊர்களிலும் நிறைய ஓடின.

எண் பலகை படிக்கக் கிடைத்தால்

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின் நிலைபெற்ற முறையில் மூன்று ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கம் வரையான எண்ணும் இருக்கும். சென்னை மாகாண, மாநில வண்டிகள் 'எம்' என்று தொடங்கும், பெரும்பாலும் 'எம்டி' அல்லது 'எம்எஸ்'. மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969இல். அதற்குப் பிந்திய பதிவுகளில் 'டி' (T) என்று தொடங்கும் எழுத்துகள் வந்தன. 'டிஎன்' என்ற இரண்டெழுத்தும் மாவட்ட எண்ணும் 1989இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் முறை. காரின் வயதையும் பதிவின் வயதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்த பழைய கார் புது எண் வாங்கியிருக்கலாம்.

பலகையின் நிறமும் பேசும். சொந்த வண்டிகளுக்குப் பொதுவாகக் கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிகளுக்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து என்பதே அன்றைய வழக்கம். கருப்பு வெள்ளைப் படத்தில் இது பளிச்சென்று தெரியும்.

மலாயாவில் உறவு வைத்திருந்த குடும்பங்களில் வேறு எழுத்துகள் வரும். 'P' என்றால் பினாங்கு, 'A' என்றால் பேராக், 'B' என்றால் சிலாங்கூர். இந்த முறை அங்கே இன்றும் தொடர்கிறது.

யாழ்ப்பாணத்துப் படங்களில் எண் பலகையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். இலங்கையில் 1957இல் புதுப் பதிவுகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. தமிழரசுக் கட்சியினர் அதைத் தார் பூசி அழித்தும் தமிழ் எழுத்தை எழுதியும் போராடினார்கள். ஆகவே ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் கார் அதற்கு முன் பதிவானது. சிங்கள ஸ்ரீ இருந்தால் அதற்குப் பின். தமிழ் எழுத்து இருந்தால் உங்கள் கையில் இருப்பது வரலாற்று ஆவணம். அங்கே மோரிஸ் மைனரும் ஏ40யும் நம் ஊரைவிட நெடுங்காலம் வாழ்ந்தன. 1990களின் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாற்பது வயதான கார் புதுப் படத்தில் நிற்பது அங்கே இயல்பு.

கார் யாருடையது?

கல்யாணப் படங்களில் மிகுந்த கவனம் தேவை. ஜானவாசம் எனும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூரையில்லாத திறந்த கார் வேண்டும் என்பதால், ஊரில் யாரோ ஒருவர் வைத்திருக்கும் பழைய அமெரிக்கக் காரே எல்லாக் கல்யாணத்துக்கும் வரும். பூ ஜோடித்த 1940களின் காரில் 1970களின் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். பொருட்காட்சிப் படக் கடைகளில் அட்டையிலும் பலகையிலும் செய்த கார்களும் உண்டு. சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இருக்கிறதா, கண்ணாடிக்கு அப்பால் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். நிழல் இல்லையென்றால் அது திரைச்சீலையின் ஓவியமாகவோ அட்டையாகவோ இருக்கலாம்.

எங்கள் தாத்தாவின் வாக்ஸாலுக்கும் இப்படித்தான் ஆனது. அதே நாளில் எடுத்த வேறொரு படம் அத்தையின் பெட்டியிலிருந்து வந்தது. அதில் எண் பலகை தெரிந்தது, வெள்ளைப் பலகை, கருப்பு எழுத்து. வாடகை வண்டி. வீட்டில் சிலருக்கு வருத்தம். ஆனால் அத்தை சொன்னது வேறு: தலைப்பிரசவம் முடிந்து பாட்டியையும் குழந்தையையும் பிறந்த வீட்டிலிருந்து அழைத்து வர, மாட்டு வண்டி குலுங்கும் என்று தாத்தா ஒரு நாள் முழுக்க 'பிளஷர்' பேசி வைத்துக்கொண்டு போனாராம். அந்தக் குழந்தைதான் அத்தை.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

'பிளஷர்' என்ற அந்தச் சொல் முக்கியம். தென்மாவட்டங்களில் காரை முதியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "அது என்ன கார்?" என்று கேட்டால் "பிளஷர்தான்" என்று முடித்துவிடுவார்கள். வேறு விதமாகக் கேளுங்கள். டிரைவர் யார்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கியர் ஸ்டியரிங்கிலா தரையிலா? முன்னால் கம்பி விட்டுச் சுற்றிக் கிளப்புவார்களா? எத்தனை பேர் உட்கார்ந்து போனீர்கள், எந்த ஊருக்கு? பெயர் மறந்தாலும் கைப்பிடியின் குளிர்ச்சியும் இருக்கையின் வாசனையும் மறப்பதில்லை. நீங்கள் முடிவு செய்த பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் "ஆமாம், அதுதான்" என்று ஒத்துக்கொள்வார்கள், அதோடு அவர்களின் நினைவு மூடிக்கொள்ளும்.

இதன் பிறகும் ஐயம் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைச் சுற்றி வந்து பார்க்கலாம். படத்தில் உள்ள அதே கோணத்தில் நின்று பார்ப்பது நூறு இணையப் படங்களுக்குச் சமம். சென்னையில் பழைய கார்களைப் பேணுவோர் நடத்தும் கண்காட்சிகளுக்கும் படத்தின் பிரதியோடு போகலாம். அந்த உரிமையாளர்களைப் போல ஆர்வமாக உங்கள் படத்தைப் பார்க்கும் மனிதர்கள் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள்.

எழுதி வைப்பது

கண்டுபிடித்ததை அன்றே எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத் தாளில் பென்சில் ஒட்டாது, அதற்கு உறையின் மேல் எழுதுங்கள். கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, நாமாக ஊகித்தது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். எங்கள் தாத்தா படத்தின் உறையில் இப்போது இருப்பது இது:

"கார்: வாக்ஸால், பானட் பள்ளத்தால் உறுதி. ஃபுட்போர்டு இருப்பதால் உடல் 1940களுக்குப் பிந்தியதல்ல. வாடகை வண்டி, இரண்டாம் படத்தின் எண் பலகையைப் பார்த்தது. எடுத்த நாள்: அத்தை பிறந்து மூன்றாம் மாதம், அத்தை தன் அம்மா சொல்லக் கேட்டது. எடுத்தவர் யார் என்று இன்னும் விசாரிக்க வேண்டும். தரையில் அவருடைய நிழல் விழுந்திருக்கிறது, தலையில் தொப்பி."